அம்மன் நம்பர்

இப்போதெல்லாம் மனிதருக்கு வாய் தின்பதற்கு மட்டும்தான் என்று ஆகிவிட்டது. கடையில் கவுண்டருக்கு வருகிறார்கள், சாமான்களை எடுத்துப் போடுகிறார்கள், காதில் எதையோ சொருகிக்கொண்டு நிற்கிறார்கள். எதிரே நிற்பவள் ஒரு பெண்பிள்ளை, காலையிலிருந்து கால் கடுக்க நிற்கிறாள் என்ற நினைப்பு ஒருவருக்கும் இல்லை. மெம்பர் நம்பர் உண்டா என்று அவள் கேட்டால் உண்டு என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்டுவது மாதிரி ஒரு தலையாட்டு. கண் கைப்பேசியை விட்டு வருவதில்லை. சீனர், மலாய்க்காரர், நம்மவர், இந்த விஷயத்தில் எல்லாரும் ஒன்று. ஒற்றுமை ஒற்றுமை என்று ரேடியோவில் சொல்கிறார்களே, அதைப் பார்க்க வேண்டுமானால் கவுண்டருக்கு வந்து நிற்கலாம்.

நான் அந்தக் கடையில் டிராலி தள்ளுகிறவன். குளுவாங்கில் மெர்சிங் சாலைப் பக்கம் இருக்கிற பெரிய கடை. பெயர் எதற்கு? கார் நிறுத்துகிற இடத்தில் போட்டுவிட்டுப் போகிற டிராலிகளைச் சேர்த்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். படித்தவன் காரைத் திறந்து சாமானை ஏற்றிவிட்டு டிராலியை அப்படியே பக்கத்துக் கார் மேல் சாய்த்துவிட்டுப் போகிறான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், எனக்கு அந்த மாதிரி வராது.

சாந்தினி அந்தக் கடையில் கேஷியர். என் பக்கத்து வீடு. காலையில் அவள் மோட்டார் சைக்கிளின் பின்னால்தான் உட்கார்ந்து வேலைக்குப் போவேன். அவள் புருசன் ஹேமநாதன் சிங்கப்பூரில் வேலை பார்த்தவன். ஒரு திங்கட்கிழமை விடியலில் மழையில் மோட்டாரில் போனவன் சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் லாரிக்கு ஒதுங்கி வழுக்கி விழுந்தான். முழங்காலில் இரும்பு வைத்தார்கள். அதற்குப் பிறகு வேலையும் இல்லை, சிங்கப்பூர் பெர்மிட்டும் இல்லை. சமையல் அவன் கையில் வந்தது. நன்றாகவே சமைப்பான். நெத்திலி சம்பால் வைத்தால் என் வீடு வரைக்கும் இருமல் வரும். அந்த வீட்டில் சம்பளம் என்று வருவது சாந்தினிக்கு மட்டும்தான். அவளுக்கும் ஐம்பதைத் தொடுகிற வயது. இந்தக் கடை போனால் இன்னொரு கடை கூப்பிடாது. அது அவளுக்கும் தெரியும், கடைக்கும் தெரியும்.

அவளைப் போட்டிருந்த கவுண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையின் மூலையில் கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு தனி அறை மாதிரி இருக்கும். பன்றி இறைச்சி, பியர், சாராயம் எல்லாம் அதற்குள். அதற்குக் காசு கட்டுகிற இடமும் அதற்குள்ளேயேதான். மலாய்ப் பிள்ளைகள் முஸ்லிம்கள், அதைத் தொட மாட்டார்கள், தொடச் சொல்லவும் கூடாது. சீனப் பிள்ளைகள் இந்தச் சம்பளத்துக்கு வருவதில்லை. மிச்சம் யார்? நம்மாள்தான். மேனேஜர் மிஸ் கோ வந்து நீ செய்கிறாயா என்று கேட்டபோது சாந்தினி சரி என்றுவிட்டாள். பியரைப் பெரிய கவுண்டருக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவனையும் அங்கேதான் அனுப்புவார்கள். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பொந்தியானிலிருந்து வந்தேன், யோங் பெங்கிலிருந்து வந்தேன் என்று கூட்டமாக வந்து வாங்கிப் போவார்கள்.

இறைச்சித் தட்டுகளில் ஐஸ் உருகித் தண்ணீர் நிற்கும். அந்த ஈரத்தில் மிஷினுக்கு விலைக்கோடு தெரியாது. சாந்தினி கையுறையோடு அந்தப் பிளாஸ்டிக்கைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்து, துணியால் ஒரு துடை துடைத்து, சாய்த்துக் காட்டுவாள். டிங் என்று சத்தம் வரும். அடுத்தது. வேலை முடிந்து வெளியே வந்ததும் லாரி நிற்கிற பக்கம் இருக்கும் குழாயில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவாள். அப்புறம்தான் பையிலிருந்து குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டு மோட்டாரைத் தொடுவாள். ஒரு நாளும் இதில் தவறியதில்லை. நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நிற்பேன்.

அந்த மிஷினைப் புதிதாக மாற்றினார்கள். முதல் சாமானைக் காட்டுவதற்கு முன்னாலேயே மெம்பர் நம்பரைக் கேட்கும். போன் நம்பரை அழுத்தினால் வாங்குகிறவர் பெயரில் புள்ளி ஏறும். புள்ளி சேர்ந்தால் கடையில் சாமானாக எடுத்துக்கொள்ளலாம். நம்பர் இல்லையென்றால் வேறொரு பொத்தானை அழுத்தித் தாண்டிப் போக வேண்டும். தாண்டிப் போவது அவ்வளவும் கேஷியர் பேரில் ஏறும். மாதம் முடிந்ததும் கழிவறைக்குப் போகிற வழியில் ஒரு தாளை ஒட்டுவார்கள். யார் அதிகம் நம்பர் வாங்கினார்கள், யார் குறைச்சல் என்று. குறைச்சலானவளை மிஸ் கோ எல்லார் முன்னாலும் நிறுத்திவைத்துக் கேட்பாள், நீ வாயைத் திறந்து கேட்கிறாயா இல்லையா என்று. பியர் வாங்க வருகிறவன் எந்தக் காலத்தில் நம்பர் கொடுத்தான்? சாந்தினிதான் எப்போதும் அடியில். தலையாட்டுகிறவன் ஆட்டிவிட்டுப் போவான், திட்டு இவளுக்கு.

இந்த நேரத்தில்தான் கனகராஜ் வந்து சேர்ந்தார். எங்கள் தாமான் வீடுகள் முடிகிற முனையில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்கு அவர் தலைவர். செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி வைத்திருக்கிறார். மைக்கைக் கையில் கொடுத்தால் திருப்பி வாங்க ஆள் வேண்டும். கோயில் கூட்டத்தில் அன்னதானத்துக்கு அரிசி விலை ஏறிப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, சாந்தினி பின்னால் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டே தன் பாட்டைச் சொல்லியிருக்கிறாள். இப்படி எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள், புள்ளியெல்லாம் யாருக்கும் ஆகாமல் போகிறது என்று. கனகராஜ் கொஞ்சம் யோசித்திருக்கிறார். மறுநாள் கோயில் போனை வைத்துக் கடையில் மெம்பராகச் சேர்ந்தார். கோயில் பேரில் சேர்க்க முடியாது என்றார்களாம், அதனால் தன் பேரிலும் தன் அடையாள அட்டையிலும் சேர்ந்துகொண்டார். நம்பரை சாந்தினியிடம் கொடுத்து, வேண்டாம் என்கிறவன் புள்ளியை அம்மனுக்குப் போடு, புண்ணியம் என்றார்.

கேஷியர் தன் நம்பரையோ வீட்டார் நம்பரையோ போடக் கூடாது என்று சட்டம் உண்டு. சாந்தினி அதை என்னிடம் மோட்டாரில் போகும்போதே சொன்னாள். அம்மன் என்ன என் வீட்டு ஆளா மாமா என்று கேட்டாள். மைக்கில் பேசுகிறவன் சொல்லுவதை எழுதி வாங்காமல் செய்யாதே என்றேன். காற்றில் கேட்கவில்லையோ, கேட்காத மாதிரி இருந்தாளோ.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தலையாட்டுக்கும் அவள் விரல் அந்த நம்பரைத் தட்டியது. மாதத் தாளில் அடியில் இருந்தவள் மேலே வந்தாள். மிஸ் கோவுக்கு வாயெல்லாம் பல். சாந்தினியின் படத்தை எடுத்து, நட்சத்திரம் வரைந்து, பின்பக்கச் சுவரில் மாட்டினாள். மற்றவர்களைப் பார்த்து, இவளால் முடிகிறது, உங்களால் ஏன் முடியவில்லை என்றாள். கோயிலுக்கு அரிசி மூட்டை வந்தது, எண்ணெய் டின் வந்தது, பருப்பு வந்தது. போன வருசம் ஆடித் திருவிழாவில் எல்லாரும் தின்றோம். நானும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

இந்த வருசம் ஆடி பிறந்ததும் புகைமூட்டம் வந்துவிட்டது. எங்கேயோ காடு எரிகிறது, நாம் இருமுகிறோம். லம்பாக் மலை இருக்கிற இடமே தெரியவில்லை. டிராலி தள்ளும்போது தொண்டைக்குள் சாம்பலைத் தடவினது மாதிரி இருக்கும். அப்படி ஒரு நாளில்தான் கோயில் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது.

கடையின் தலைமை ஆபீசிலிருந்து ஒரு பெண் பேசியிருக்கிறாள். சார், குளுவாங் கிளையில் நீங்கள்தான் எங்களுக்கு முதலிடத்து வாடிக்கையாளர், உங்களை மேடையில் ஏற்றிப் பரிசுக்கூடை கொடுத்துப் படம் எடுக்கப்போகிறோம், கடை வாசலில் பெரிதாக வைப்போம் என்றாளாம். கனகராஜ் மகிழ்ந்துபோனார். போனைச் சத்தமாக வைத்து, பக்கத்தில் இருந்த கமிட்டிக்காரர்களும் கேட்கட்டும் என்று பிடித்தார். அந்தப் பெண்ணும் சந்தோசமாகவே படித்தாள். நீங்கள் எங்களிடம் அதிகமாக வாங்கியது பியர். அதற்கு அடுத்தது பன்றி இறைச்சி, முக்கியமாக வயிற்றுத் துண்டு. உங்களுக்கு அதில் எது பிடிக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் படத்தின் கீழே போடுவோம்.

ஆடி மாதம். கோயில் வாசல். காப்புக் கட்டின தலைவர். சுற்றிலும் ஆட்கள். கனகராஜ் என்ன சொன்னார் என்பதை அங்கிருந்த ஒருவரே எனக்குச் சொன்னார். அது நான் வாங்கியது இல்லை, எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, உங்கள் கடையில் கேஷியர் யாரோ என் நம்பரைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள், விசாரியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

விசாரித்தார்கள். விசாரிக்க என்ன இருக்கிறது? எல்லாம் ஒரே கவுண்டர், ஒரே கை.

சாந்தினியை ஆபீசுக்குள் கூப்பிட்டு அவள் பேர் போட்ட அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். முடிவு சொல்கிற வரைக்கும் வீட்டில் இரு என்றார்கள். அவள் பின்பக்கமாக வெளியே வந்து குழாயில் கையைக் கழுவினாள். அன்றைக்கு அவள் ஒரு சாமானைக்கூடத் தொடவில்லை, இருந்தும் கழுவினாள். எனக்கு இன்னும் வேலை இருந்தது. நீங்க எப்படி வீட்டுக்கு வருவீங்க மாமா என்று கேட்டாள். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது?

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஹேமநாதன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கங்கோங் கீரையைக் கிள்ளிக்கொண்டிருந்தான். காலை நீட்டித்தான் உட்கார முடியும். அடுப்பில் ரசம். சாந்தினி சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் கீரையைக் கிள்ளுவதைப் பார்த்தால் யாருடைய கழுத்தையோ நினைத்துக் கிள்ளுவது மாதிரி இருந்தது.

மிஸ் கோ கெட்டவள் இல்லை என்று அவள் சொன்னாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாளாம், இந்த நம்பர் யாருடையது, உனக்கு என்ன லாபம் என்று. உன் சுவர்ப் படத்தை நான்தான் மாட்டினேன், எனக்கும் மேலே பதில் சொல்ல வேண்டும், அந்த நம்பர்க்காரர் ஒரு வாரத்துக்குள் வந்து நான்தான் சொன்னேன், தர்மத்துக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் எச்சரிக்கையோடு விட்டுவிடச் சொல்லி நான் பேசுகிறேன் என்றாளாம்.

"அப்ப நீ என்னா சொன்ன?" என்றான் ஹேமநாதன்.

"ஒன்னும் சொல்லல."

"ஏன் சொல்லல? வாய்ல என்ன வெச்சிருந்த?"

"கோயில் பேர அங்க போய் எப்படிச் சொல்றது. பன்னிக் கவுண்டர்ல அம்மன் பேர எழுதச் சொல்றீங்களா?"

"நம்பர் தட்டறப்ப எழுதலியா?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "எனக்கு அது தோணவே இல்லங்க. புள்ளின்னா புள்ளிதான்னு நெனச்சேன். அது எதுலேர்ந்து வருதுன்னு மிஷினுக்குத் தெரியாதுல்ல. இப்பத்தான் நெனச்சுப் பாக்கறேன். ஆத்தாவுக்கு நான் எதப் போட்டுப் படைச்சிருக்கேன்னு."

"அதுக்கு இப்ப என்னாங்கற?"

"அதான் தண்டனை குடுக்கறா போல."

ஹேமநாதன் கீரையைத் தட்டில் போட்டான். "மாமா, கேட்டீங்களா இவ பேசறத? தலைவர் போன்ல போட்டுக் குடுத்தாரு, வேல போச்சு. இவ சாமி மேல போடறா. அந்தாளுக்கு எவ்ளோ வசதி பாருங்க."

நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் சாந்தினியின் முகத்தில் வேறு ஒரு பயம் இருந்தது. அவள் பயந்தது வேலைக்கு மட்டும் என்றால் ஏதாவது சொல்லலாம். ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள்தான் எழுந்து அணைத்தாள்.

தலைவர் தானாக வருவார் என்று அவள் காத்திருந்தாள். வாசலில் கார்ச் சத்தம் கேட்டால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். அவர் வரவில்லை. மிஸ் கோ சொன்ன கெடு நெருங்கியது. அதனால் நானும் ஹேமநாதனும் கோயிலுக்குப் போனோம். அவனால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது, என்னால் மோட்டார் ஓட்ட முடியாது. தாமானில் ஒருவன் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, விசயம் தெரிந்ததும் உள்ளே வராமல் ஓடிவிட்டான்.

கோயிலில் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. கனகராஜ் எங்களைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நாற்காலி போடச் சொன்னார், குடிக்கப் பாக்கெட் மைலோ கொடுத்தார். ஹேமநாதன் விசயத்தைச் சொல்லச் சொல்ல, ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டார். அப்புறம் சாவியை எடுத்துச் சாமான் அறையைத் திறந்து காட்டினார். அரிசி மூட்டைகள் சுவர் உயரத்துக்கு இருந்தன. எண்ணெய் டின், பருப்பு, சீனி. எல்லாவற்றிலும் கோயில் முத்திரை குத்தியிருந்தது.

"செல்லப்பண்ணே, நல்லாப் பாத்துக்குங்க. நான் ஒரு பாக்கெட் உப்பு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருந்தா என் கை அழுகிப் போகட்டும்," என்றார் என்னைப் பார்த்து.

உண்மையைச் சொல்ல வேண்டும், நான் அவர் திருடியிருப்பார் என்றுதான் நினைத்து வந்தேன். ஒரு மூட்டையாவது குறையும் என்று பார்த்தேன். குறைந்த மாதிரித் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திருடனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

"நீங்க எடுத்தீங்கன்னு யாரும் சொல்லல தலைவரே," என்றான் ஹேமநாதன். "நீங்கதான் போடச் சொன்னீங்கன்னு வந்து மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நாங்க கால்ல விழணும்னா விழறோம். என்னால மடக்க முடியாது, இவரு விழுவாரு."

நான் விழப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். அப்படியும் சொன்னான்.

கனகராஜ் கதவை இழுத்துச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் சொல்றதக் கேளு ஹேமா. இந்தக் கோயில் நெலம் இன்னும் நம்ம பேருக்கு வரல. லேண்ட் ஆபீஸ்ல ஃபைல் கெடக்கு. கோயில் கமிட்டி கடைய ஏமாத்திப் புள்ளி சேத்துச்சுன்னு எழுத்துல வந்தா அவன் ஃபைல மூடிருவான். அது ஒன்னு. இன்னொன்னு, நம்ம ஜனங்க. அன்னதானத்து அரிசி பன்னிக் கவுண்டர்லேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா யாரு பந்தில உக்காருவா? ஒரு பொம்பள வேலைக்காகக் கோயில விட முடியுமா? நீயே சொல்லு."

"போன வருசம் உக்காந்தாங்களே," என்றேன்.

"தெரியாம உக்காந்தாங்க லா."

"உங்களுக்குத் தெரியுமே."

"எனக்கு எப்படித் தெரியும்? அவ எந்தக் கவுண்டர்ல நிக்கிறான்னு நான் போய்ப் பாத்தனா?"

எனக்கு ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. படிக்காதவனுக்கு அது ஒன்றுதான் கை முதல்.

"சீனப் பெருநாளுக்கு உங்க சீன மொதலாளி தவுக்கேக்குக் குடுக்கணும்னு பியர் பெட்டி வாங்க வந்தீங்க. நான்தான் உங்க கார்ல ஏத்துனேன். காசு எங்க கட்டுனீங்க? சாந்தினிகிட்டதான். சிரிச்சுப் பேசிட்டுத்தான் வந்தீங்க. அன்னிக்கும் அந்த நம்பரத்தான் தட்டியிருப்பா."

கனகராஜ் பந்தல்காரர்கள் பக்கம் திரும்பினார். கயிற்றை இன்னும் இழுத்துக் கட்டச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பாமல், "அது வேற," என்றார்.

எது வேறு, எப்படி வேறு என்று அவர் சொல்லவில்லை. ஹேமநாதன் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். மைலோ பாக்கெட்டை அவன் திறக்கவே இல்லை. நாற்காலி மேல் வைத்துவிட்டு வந்தான்.

கெடு நாளில் சாந்தினி ஆபீசுக்குப் போனாள். நான் வாசலில் டிராலிகளை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். கனகராஜின் கார் வருமா என்று பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். யாரையும் நம்பாதவன் நான், ஆனாலும் பார்த்தேன். வரவில்லை. உள்ளே மிஸ் கோ மறுபடியும் கேட்டிருக்கிறாள், யார் சொல்லிப் போட்டாய் என்று. யாரும் சொல்லவில்லை, பழக்கத்தில் ஏதோ ஒரு நம்பரைத் தட்டினேன் என்று சாந்தினி சொல்லியிருக்கிறாள். பழக்கத்தில் தட்டுகிற நம்பரா அது? மிஸ் கோவுக்கும் அது பொய் என்று தெரியும். ஆனால் பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டால் ஆபீசுக்கு வேலை முடிந்தது. வெளியே அனுப்பிவிட்டார்கள். அத்தனை வருச வேலைக்குக் கையில் ஒன்றும் கொடுக்கவில்லை, தப்புச் செய்து போகிறவளுக்குக் கொடுக்க வேண்டியதில்லையாம்.

பின்பக்கச் சுவரில் அவள் படம் இன்னும் சில நாள் மாட்டியே இருந்தது. கழற்ற ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அதன் கீழேதான் மலாய்ப் பிள்ளைகள் நின்று சாப்பிடுவார்கள். அவர்களுக்கு அக்கா என்றால் காக். அதில் ஒருத்தி, காக் சாந்தினி எங்கே வேலைக்குப் போனாள் என்று என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன். ஒரு நாள் பார்த்தால் ஆணி மட்டும் இருந்தது. கண்ணாடி அறைக்குள் ஆளில்லாத மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். வாங்குகிறவனே காட்டி, வாங்குகிறவனே கட்டிக்கொள்ள வேண்டும். ஈரத்தில் கோடு தெரியாமல் அதன் முன்னால் நின்று திட்டுகிறார்கள். அதுவும் முதலில் மெம்பர் நம்பரைத்தான் கேட்கிறது. அதனிடமும் தலையை ஆட்டிவிட்டு நிற்கிற ஆளை நான் பார்த்தேன்.

எனக்கு வேலைக்குப் போக வழி இல்லாமல் போனது. நடக்கத் தொடங்கினேன்.

ஆடிக் கடைசி ஞாயிறு திருவிழா. அதற்குள் ஒரு மழை பெய்து புகை கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் போவதாக இல்லை. ஹேமநாதன்தான் வந்து நின்றான். சாந்தினி காலையிலேயே போய்விட்டாள், காய் நறுக்க, என்றான். எந்தக் கோயிலுக்கு என்று கேட்டேன். அவன் கைத்தடியால் தரையைத் தட்டினான்.

"நானும் கேட்டுட்டேன் மாமா. ரெண்டு நாளா அவகூடப் பேச்சு இல்ல. போகட்டும், எனக்குப் பசிக்குது. என் பொண்டாட்டி வேலயத்தானே ஆக்கிப் போடறாங்க, அதயாச்சும் போய்த் தின்னுட்டு வரேன்."

போனோம். அந்தப் பக்கம் போன கார் ஒன்று ஏற்றிக்கொண்டது. கூட்டம் நல்ல கூட்டம். கூழ் ஊற்றி முடிந்து பந்தி போட்டிருந்தார்கள். சாமான் அறைக் கதவு திறந்து கிடந்தது. மூட்டைகள் காலி. அந்த அரிசிதான் சோறாக இலையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மூட்டைகள் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து எடுத்தார்கள் என்று ஒருவர் சொன்னார். ஆக, விசயம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். யார் பந்தியில் உட்காருவார் என்று கேட்டாரே தலைவர், அவர் பந்திப் பக்கம் வந்து பார்த்திருக்க வேண்டும். இடம் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது.

நானும் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. ஹேமநாதன் நாற்காலியில் இருந்து மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டான். அப்போதுதான் மைக் கரகரத்தது. இந்த வருச அன்னதானம் அம்மனின் அருளால் குறைவில்லாமல் நடக்கிறது என்றார் கனகராஜ். கோயில் தொண்டர்களுக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறோம் என்றார். இரண்டு மூன்று பேர் போய் வாங்கினார்கள். நாலாவதாகச் சகோதரி சாந்தினி என்று கூப்பிட்டார்.

அவள் சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றிருந்தாள். வாளியைக் கீழே வைப்பாள், அவர் முகத்துக்கு நேரே ஏதாவது சொல்வாள், இல்லை வெளியே போவாள் என்று நான் கையைச் சோற்றில் வைத்தபடி பார்த்தேன். வாளியை வைத்தாள். குழாய்க்குப் போனாள். முழங்கை வரைக்கும் கையைக் கழுவினாள். பிறகு மேடைக்குப் போய்த் தலையைக் குனிந்து நின்றாள். கனகராஜ் போர்த்தினார். கையைத் தட்டினார்கள். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நடிப்பு என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அது நடிப்பு மாதிரித் தெரியவில்லை.

அவள் அந்தத் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வாளியைத் தூக்கி என் இலைக்கு வந்தாள்.

"என்ன புள்ள இது?" என்றேன்.

"சாப்பிடுங்க மாமா, ஆறிப்போவுது."

"அந்தாள் உன்ன வீட்டுக்கு அனுப்புனான். நீ போய்க் குனிஞ்சு நிக்கிற."

"அவருக்கா குனிஞ்சேன். அவருக்குப் பின்னால யாரு இருந்தா, பாக்கலியா?" அவள் கர்ப்பக்கிரகத்தைக் கண்ணால் காட்டினாள். "தப்பு என் மேல இருந்துச்சு மாமா. வேலயக் குடுத்துக் கழுவிட்டேன். ஆத்தா மன்னிச்சிட்டா. இல்லன்னா இன்னிக்கு என்னக் கூப்பிட்டிருப்பாளா?"

"மைக்ல கூப்பிட்டது அவளா?"

சாந்தினி சிரித்தாள். குழந்தையிடம் சிரிக்கிற மாதிரி. முகத்தில் ஒரு பாரமும் இல்லை. நாளைக்கு அந்த வீட்டில் அடுப்பு எதை வைத்து எரியும் என்று எனக்குத்தான் கவலை, அவளுக்கு இல்லை. நகர மையத்தில் ஒரு காப்பிக்கடையில் பாத்திரம் கழுவக் கூப்பிட்டிருக்கிறார்கள், தலைவர்தான் சொல்லிவிட்டார் என்றாள். அதையும் ஒரு வரம் மாதிரிச் சொன்னாள். எனக்கு இன்னும் சாம்பார் ஊற்றக் கரண்டியை நீட்டினாள்.

எனக்குப் படிப்பும் அவ்வளவு இல்லை, சாமி விசயமும் அவ்வளவு தெரியாது. அவள் சொன்னதை ஒரு முறை மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒத்துவரவில்லை. போடச் சொன்னவர் மேடையில் நிற்கிறார், தட்டினவள் பாத்திரம் கழுவப் போகிறாள், தின்கிறவர்கள் தின்கிறார்கள். இதில் யார் யாரை மன்னித்தது?

எழுந்தேன். இலையை மடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் இலையையும் என்னையும் பார்த்தார். ஹேமநாதன் தட்டிலிருந்து நிமிர்ந்து, இருங்க மாமா, சேர்ந்து போவோம் என்றான். அவன் வாயில் சோறு இருந்தது. நான் கையைக் கழுவாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். மைக்கில் அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள்.

வாசலில் தண்ணீர் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்த கமிட்டிக்காரர் வழியை மறித்தார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் கேட்டார், சாப்பாடெல்லாம் திருப்தியா ஐயா என்று.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுச் சாலையில் இறங்கி நடந்தேன்.